துண்டான காடும் குரங்குக் காய்ச்சலும்

மாட்டுத் தொழுவம் உள்ள வீட்டில் வளர்ந்தவர்களுக்கு உண்ணியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கன்றின் காதுக்குள்ளும் பசுவின் மடியோரத்திலும் ஆமணக்கு விதைபோல உப்பி ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பிராணியைப் பிடுங்கி மண்ணெண்ணெயில் போட்ட அனுபவம் உங்களில் பலருக்கும் இருக்கும். அது பூச்சி இனமன்று. எட்டுக் கால்கள் உடையது. சிலந்திக்கும் தேளுக்கும் உறவு. இரத்தம் ஒன்றே அதன் உணவு. இந்தச் சிறு பிராணிக்கும் காட்டை வெட்டுவதற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். அந்தத் தொடர்பைக் கண்டறிய நம் அண்டை மாநிலத்தில் பல ஆண்டு உழைப்பு தேவைப்பட்டது. அந்த வரலாற்றைத்தான் இங்கே காணப்போகிறோம்.

1957ஆம் ஆண்டு மார்ச் மாதம். அன்றைய மைசூர் மாநிலத்தில், ஷிமோகா மாவட்டத்துச் சொரபா வட்டத்தில், கியாசனூர் என்ற சிற்றூரை அடுத்த காட்டில் குரங்குகள் செத்து விழுவதாகச் செய்தி வந்தது. ஒன்றிரண்டல்ல, அடுத்தடுத்துப் பல. அதே வேளையில் சுற்றுவட்டார ஊர்களில் மனிதர்களுக்கும் கடும் காய்ச்சல் கண்டிருந்தது. திடீரென்று உடம்பு கொதிக்கும். தலை வெடித்துவிடும்போல வலிக்கும். இடுப்பிலும் கெண்டைக்காலிலும் தாங்க முடியாத வலி. சிலருக்கு மூக்கிலும் ஈறிலும் இரத்தம் கசிந்தது. முதலில் இதைக் குடற்காய்ச்சல் என்றே பலர் எண்ணினார்கள். ஆனால் ஊரார் குரங்குச் சாவையும் மனிதர் நோயையும் சேர்த்தே பார்த்தார்கள். அவர்கள் கன்னடத்தில் இட்ட பெயர் 'மங்கன காயிலெ'. அதாவது குரங்கு நோய். விஞ்ஞானிகள் வந்து சேருமுன்பே பாதி விடையை ஊரார் சொல்லிவிட்டார்கள் எனலாம். அந்த ஆண்டு 466 பேருக்கும் மறு ஆண்டு 181 பேருக்கும் நோய் கண்டதாகப் பதிவாகியுள்ளது.

பூனா நகரில் 1952இல் தொடங்கப்பட்ட வைரஸ் ஆராய்ச்சி நிலையம் அப்போது ராக்பெல்லர் அறநிறுவனத்தின் துணையுடன் இயங்கி வந்தது. (இதுவே 1978 முதல் தேசிய வைரஸ் ஆராய்ச்சி நிலையம் என்று வழங்குகிறது.) அதன் இயக்குநர் டாக்டர் டெல்ஃபோர்டு வொர்க், பூச்சியியல் வல்லுநர் ஹெரால்டு டிராப்பிடோ ஆகியோரும் இந்திய ஆராய்ச்சியாளர்களும் கியாசனூருக்கு விரைந்தார்கள். அவர்களுடைய அச்சம் வேறொன்றாக இருந்தது. தென்னமெரிக்கக் காடுகளில் மஞ்சள் காய்ச்சல் பரவும்போது முதலில் குரங்குகளே மடியும். பிறகே மனிதருக்கு நோய் வரும். மஞ்சள் காய்ச்சல் இந்தியாவில் என்றுமே இருந்ததில்லை. ஆனால் அதைப் பரப்பக்கூடிய கொசு நம் ஊர்களில் ஏராளம். அந்த நோய் இங்கே வந்துவிட்டதா? அப்படியாயின் நாடு முழுவதும் என்ன ஆகும்? எண்ணிப் பாருங்கள்.

நல்ல வேளையாக, அது மஞ்சள் காய்ச்சல் இல்லை. இறந்த குரங்கிலிருந்தும் நோயாளிகளின் இரத்தத்திலிருந்தும் ஒரு புதிய வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது. ஆராய்ந்து பார்த்தபோது, அது ரஷ்யாவின் குளிர்க்காடுகளில் மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் ஒரு வைரஸுக்கு நெருங்கிய உறவு என்று தெரிந்தது. அந்த ரஷ்ய நோய் உண்ணியால் பரவுவது. எனவே கியாசனூர்க் காட்டின் உண்ணிகளைச் சேகரித்துச் சோதித்தார்கள். அவற்றிலும் அதே வைரஸ் இருந்தது. நோய்க்குக் கியாசனூர்க் காட்டு நோய் என்றே பெயராயிற்று. ஓர் எளிய மலைநாட்டுச் சிற்றூரின் பெயர் உலக மருத்துவ நூல்களில் ஏறியது இப்படித்தான். அவ்வூர் மக்கள் இந்தப் பெருமையை விரும்பியிருக்க மாட்டார்கள்!

இங்கே ஒரு புதிர் எழுந்தது. சைபீரியாவுக்கு உறவான வைரஸ் ஷிமோகாவுக்கு எப்படி வந்தது? குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வலசை வரும் பறவைகள் தம் உடலில் ஒட்டிய உண்ணிகளோடு வைரஸையும் கொண்டுவந்திருக்குமோ என்று ஐயுற்றார்கள். இந்த ஐயத்தைத் தீர்க்க உலகச் சுகாதார நிறுவனத்தின் உதவியுடன், பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959இல் பறவைகளின் காலில் வளையம் பூட்டி ஆராயும் பெரும் பணியைத் தொடங்கியது. பறவைகளின் வலசைப் பாதைகளைப்பற்றி நமக்கு இன்று தெரிந்தவற்றில் பெரும்பகுதி அந்தப் பணியின் கொடை. ஆனால் பறவைகள்தாம் வைரஸைக் கொண்டுவந்தன என்பது மட்டும் மெய்ப்பிக்கப்படவே இல்லை. ஒன்றைத் தேடப்போய் வேறொன்றைக் கண்டடைவது விஞ்ஞானத்தில் புதிதல்லவே.

மாறாக, கியாசனூரிலிருந்து வெகு தொலைவில், கட்ச், சௌராஷ்டிரப் பகுதிகளில் வாழ்ந்தவர்களின் இரத்தத்திலும் இந்த வைரஸுக்கு எதிரான பொருள்கள் தென்பட்டன. அப்படியானால் வைரஸ் நேற்று வந்ததன்று. நம் நாட்டில் அங்கங்கே ஓசைப்படாமல் நெடுங்காலம் வாழ்ந்து வந்திருக்கக்கூடும். இப்போது கேள்வியே மாறிவிட்டது. வைரஸ் எங்கிருந்து வந்தது என்பதைவிட, இத்தனை காலம் உறங்கியது 1957இல் ஏன் விழித்தது என்பதே முதன்மையான கேள்வியாயிற்று.

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர் டாக்டர் ஹோர்ஹே போஷெல். தென்னமெரிக்காவிலுள்ள கொலம்பியா நாட்டினர். இவருடைய முன்கதையைச் சொன்னால்தான் பின்கதை விளங்கும். 1930களில் கொலம்பியக் காட்டில் மஞ்சள் காய்ச்சலை ஆராய்ந்துகொண்டிருந்தபோது மரம்வெட்டிகள் வேலை செய்வதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பெருமரம் ஒன்று சரிந்து விழுந்தது. விழுந்த மறுகணம், அதுவரை கண்ணில் படாத நீலநிறக் கொசுக்கள் கூட்டமாக வந்து மரம்வெட்டிகளை மொய்த்துக்கொண்டன. அந்தக் கொசுக்கள் மர உச்சியில் குரங்குகளோடு வாழ்பவை. மரம் இருந்தவரை அவை மேலே, மனிதர் கீழே. கோடரி அந்த இடைவெளியை ஒரே நொடியில் இல்லாமற் செய்துவிட்டது. காட்டு மஞ்சள் காய்ச்சல் மரம்வெட்டிகளை ஏன் முதலில் தாக்குகிறது என்பதற்கு அதுவே விடையாயிற்று. அந்தக் காட்சியைக் கண்ட கண்களோடுதான் அவர் 1960களில் பூனா நிலையத்தில் பணியாற்றி, ஷிமோகாக் காடுகளை ஆராய்ந்தார்.

அவர் கண்ட நிலம் எப்படிப்பட்டது? மலைநாடு என்று கன்னடர் அழைக்கும் அந்தப் பகுதியில், பள்ளத்தாக்கின் அடியில் நெல்வயல். அதன் ஓரத்துச் சரிவில் பாக்குத்தோட்டம். அதற்கு மேலே காடு. பாக்கு மரங்களுக்கு அடியுரமாகத் தழையும் சருகும் வேண்டும். அவை காட்டிலிருந்தே வரவேண்டும். அடுப்புக்கு விறகும் அங்கிருந்துதான். மாடுகளுக்கு மேய்ச்சலும் அங்கேதான். மக்கள்தொகை பெருகப் பெருக வயல் மேலேறியது, காடு பின்வாங்கியது. பின்வாங்கியதும் ஒரே கோடாக அன்று. இங்கே ஒரு திட்டு, அங்கே ஒரு திட்டு என்று கந்தல் துணியைப்போல. அடர்ந்த காட்டினுள் வெயில் தரையைத் தொடுவதில்லை. ஆகவே கீழே புதர் குறைவு. காட்டைக் கிழித்த இடத்திலோ வெயில் பாய்கிறது. உடனே புதர் மண்டுகிறது. அந்தப் புதர்களில் முதன்மையானது லண்டானா. அமெரிக்காக் கண்டத்திலிருந்து அழகுச் செடியாகக் கொண்டுவரப்பட்டு நாடெங்கும் பரவிய இச்செடிக்குத் தமிழில் வழங்கும் பெயர் உண்ணிச்செடி. பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்!

இனி உண்ணியின் வாழ்க்கையைச் சற்று விரிவாகக் கவனிக்க வேண்டும். இந்த நோயைப் பரப்புவதில் முதலிடம் வகிப்பது ஹீமாஃபைசாலிஸ் ஸ்பினிஜெரா என்னும் காட்டு உண்ணி. அது தன் வாழ்நாளில் மூன்று முறை மட்டுமே இரத்தம் குடிக்கிறது. முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு ஆறு கால்களே உண்டு, கடுகினும் சிறியது. மழைக்காலம் முடிந்தவுடன் இது புல்நுனியில் ஏறி நின்று, காட்டெலி, மூஞ்சூறு, பறவை, குரங்கு என்று அருகில் வந்த உயிரைப் பற்றிக்கொள்கிறது. வயிறு நிறைந்ததும் கீழே விழுந்து தோலுரித்து எட்டுக்கால் இளம் உண்ணியாகிறது. இந்த இளம் உண்ணிதான் நமக்கு ஆபத்தானது. டிசம்பர் தொடங்கி மே வரை பெருகியிருக்கும் இது குரங்கையும் மனிதரையும் கடிக்கிறது. கடைசியில் மழைக்காலத்தில் முதிர்ந்த உண்ணியாகி, பெரிய விலங்கு ஒன்றின் மேல் ஏறி மூன்றாவது முறை குடித்து, நூற்றுக்கணக்கில், சிலவேளை ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு மடிகிறது. குஞ்சாக இருந்தபோது குடித்த இரத்தத்தில் வைரஸ் இருந்தால், தோலுரித்த பின்னும் அது உடலில் தங்கியிருக்கும். ஆக, எலியிடமோ குரங்கிடமோ வாங்கியதை அடுத்த பருவத்தில் வேறொருவருக்குக் கொடுக்கிறது.

அந்த மூன்றாவது உணவைத்தான் போஷெல் ஊன்றிக் கவனித்தார். முதிர்ந்த உண்ணிக்குப் பெரிய விலங்கு வேண்டும். அடர்காட்டில் அதற்குக் காட்டெருமையும் கடமானும் கிடைக்கும். ஆனால் அவை எண்ணிக்கையில் குறைவு, பரந்து திரிபவை. பெரும்பாலான முதிர் உண்ணிகள் விலங்கு கிடைக்காமலே பட்டினியால் மடிந்துபோகும். காட்டைக் கிழித்து ஊர் உள்ளே வந்தபின் நிலை என்ன? நாள்தோறும் காலையில் மாட்டுமந்தை அதே வழியாகக் காட்டுக்குள் போகிறது. மாலையில் அதே வழியாகத் திரும்புகிறது. புதரோரத்தில் காத்திருக்கும் உண்ணிக்கு வீடு தேடி விருந்து வருகிறது! முட்டையிடும் பெண் உண்ணிகள் பெருகுகின்றன. அடுத்த ஆண்டு குஞ்சுகள் பெருகுகின்றன. இதில் ஒரு நுட்பம் உண்டு. மாட்டுக்கு இந்த நோய் வருவதில்லை. வைரஸைப் பெருக்கிக் கொடுப்பதும் மாடு அன்று. அது செய்வதெல்லாம் உண்ணிக்கு உணவளிப்பதுதான். மாடு உண்ணியைப் பெருக்குகிறது. குரங்கு வைரஸைப் பெருக்குகிறது. இரண்டும் சந்திக்கும் இடம் காட்டின் கிழிந்த ஓரம். 1969இல் போஷெல் வெளியிட்ட கட்டுரையின் சாரம் இதுவே.

குரங்கின் பங்கையும் சொல்லிவிட வேண்டும். தென்னாட்டில் எங்கும் காணும் குல்லாய்க் குரங்கும், கறுத்த முகமும் நீண்ட வாலும் உடைய லங்கூர் மந்தியும் இந்த வைரஸுக்கு எளிதில் பலியாகின்றன. நோயுற்ற குரங்கின் இரத்தத்தில் வைரஸ் நிறைந்திருக்கும். அது செத்து விழுந்ததும் உடல் குளிரத் தொடங்கும். ஒட்டியிருந்த உண்ணிகள் எல்லாம் கீழே இறங்கிவிடும். அந்த மரத்தடியே நச்சு நிலம் ஆகிவிடுகிறது. சருகு பொறுக்க வந்த பெண்ணோ, மாடு மேய்க்க வந்த சிறுவனோ அங்கே உட்கார்ந்தால் போதும். அறுவடை முடிந்து, வயலில் வேலை குறைந்து, மக்கள் விறகுக்கும் தழைக்கும் காட்டுக்குப் போகும் மாதங்களும், இளம் உண்ணிகள் மிகுந்திருக்கும் மாதங்களும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு இந்நோய் தொற்றுவதில்லை. எனவே காட்டுக்குள் போகாதவருக்குப் பெரும்பாலும் வராது. இது ஏழைகளின் நோயாகவே இருப்பதற்குக் காரணம் இதுதான். நோய் கண்டவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் வரை இறக்கிறார்கள். பிழைத்தவர்களில் சிலருக்கு ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல் மீண்டும் வந்து, நடுக்கமும் மனக்குழப்பமும் உண்டாவதுண்டு.

போஷெல் சொன்னது சரிதானா? ஒருவகையில் 1980களில் அதற்குச் சோதனை நடந்துவிட்டது. யாரும் திட்டமிட்ட சோதனை அன்று. 1970களின் தொடக்கம் வரை இந்நோய் ஷிமோகா மாவட்டத்தின் சில வட்டங்களுக்குள்ளேயே அடங்கியிருந்தது. பிறகு தென்கன்னட மாவட்டத்தின் பெல்தங்கடி வட்டத்தில், முந்திரித் தோப்பு அமைப்பதற்காகப் பழங்காடு ஒன்று வெட்டி அகற்றப்பட்டது. அதையடுத்து 1982-83 பருவத்தில், அதுவரை இந்நோய் அறியப்படாத அந்தப் பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். காட்டில் உறைந்திருந்த தெய்வங்கள் குடியிருப்பை இழந்து சினங்கொண்டன என்று ஊரார் பேசிக்கொண்டார்கள். படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் காட்டை வெட்டியதற்கும் காய்ச்சல் வந்ததற்கும் தொடர்பு உண்டு என்று அவர்கள் கண்டுகொண்டார்கள் அல்லவா? காரணம் சொன்ன முறை வேறு. கவனித்த உண்மை உண்மைதான்.

காட்டின் துண்டுகள் நோயை வளர்க்கும் என்ற கருத்து நம் நாட்டோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து லைம் என்னும் ஊரில் 1975இல் பல குழந்தைகளுக்கு மூட்டுவீக்கம் கண்டது. அதுவும் உண்ணியால் வரும் நோயே. அதற்குக் காரணம் வைரஸ் அன்று, ஒரு பாக்டீரியம். அங்கே அதை வளர்ப்பது குரங்கு அன்று, வெள்ளைக்கால் சுண்டெலி. நியூயார்க் மாநிலத்தில் நடத்திய ஓர் ஆய்வு 2003இல் வெளிவந்தது. 2 ஹெக்டேருக்கும் குறைந்த சிறு காட்டுத் திட்டுகளில்தான் நோயேற்ற இளம் உண்ணிகள் மிக நெருக்கமாக இருந்தன. சிறு திட்டில் நரி போன்ற ஊனுண்ணி விலங்குகள் பிழைப்பதில்லை. எலி மட்டும் எங்கும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் இயற்கை அவ்வளவு நேராக நடப்பதில்லை. இரண்டு ஆண்டு கழித்துக் கனெக்டிகட்டிலிருந்து வந்த மற்றோர் ஆய்வு, துண்டான காடுகளில் உண்ணி மிகுதி என்பதை ஒப்புக்கொண்டது. ஆயினும் அங்கே நோயுற்ற மனிதர்கள் குறைவாகவே இருந்தார்கள் என்று காட்டியது. உண்ணி இருந்தால் மட்டும் போதாது. மனிதர் அங்கே போகவும் வேண்டும். ஷிமோகாவில் காட்டுக்குப் போகாமல் அடுப்பு எரியாது. இரு நாடுகளுக்கும் வேற்றுமை அங்கேதான் இருக்கிறது.

"அப்படியானால் காட்டை முழுவதும் அழித்துவிட்டால் உண்ணியும் ஒழியுமே?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வெட்டவெளியின் வெயிலில் உண்ணி காய்ந்து சாகும் என்பது மெய்தான். ஆனால் எந்தக் காடும் ஒரே இரவில் வயலாக மாறுவதில்லை. பல ஆண்டுகள் அது அரைக்காடாகவே கிடக்கும். அந்த அரைக்காடே மிகவும் கெட்டது. இப்படிக் கேட்பவர்கள் மலைநாட்டு மக்களின் விறகையும் தழையையும் மழைநீரையும் கணக்கில் சேர்ப்பதில்லை. குரங்குகளைக் கொன்றுவிடலாம் என்ற பேச்சும் அவ்வப்போது எழுவதுண்டு. குரங்குச் சாவு இல்லையென்றால் நோய் வருவதை முன்கூட்டி அறிவிக்க யார் இருக்கிறார்கள்?

அண்மைக் காலத்தில் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டும், ஊர்வாரியான நோய்க் கணக்கைக் கொண்டும் இதே கேள்வியை மறுபடி ஆராய்ந்திருக்கிறார்கள். மேற்குத்தொடர்ச்சி மலையில் காடு இழந்த இடங்களுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டென்று 2019இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. ஷிவமொக்கா மாவட்டத்தில் ஈரக்காடும் தோட்டமும் கலந்து கிடக்கும் நிலங்களில், மாடு மிகுந்த ஊர்களில் நோய் மிகுதி என்று 2020இல் வந்த ஆய்வு கூறியது. (ஷிமோகாவின் இன்றைய பெயர் ஷிவமொக்கா.) கணிப்பொறி இல்லாமல், காட்டில் நடந்து நடந்து போஷெல் எழுதியதை ஏறக்குறைய அப்படியே வழிமொழிகின்றன இவை.

தடுப்பூசி இல்லையா என்று கேட்பீர்கள். தொடக்கத்தில் ரஷ்ய மூளைக்காய்ச்சலுக்கான தடுப்பூசியைப் போட்டுப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. பின்னர் இந்த வைரஸையே கொன்று செய்த தடுப்பூசி 1990 முதல் கர்நாடகத்தில் போடப்பட்டது. பல தடவை போட வேண்டியிருந்தது, வலி மிகுதி, காக்கும் ஆற்றலும் ஆண்டுக்காண்டு குறைந்து வந்தது. முடிவில் அது கைவிடப்பட்டது. புதியதற்கான முயற்சி நடந்து வருகிறது. நோயைக் குணப்படுத்தும் தனி மருந்தும் கிடையாது. நீர்ச்சத்தும் இரத்தமும் குறையாமல் காத்து, நோயாளியைத் தேற்றுவதே மருத்துவம்.

இதற்கிடையில் நோய் நகர்ந்துகொண்டே இருக்கிறது. 2012இன் இறுதியில் பந்திப்பூரில் இறந்த குரங்குகளின் உடலை எரித்தவர்களுக்குக் காய்ச்சல் கண்டது. அதே பருவத்தில் நம் நீலகிரி மாவட்டத்தில், முதுமலைப் பகுதியில் இறந்த குரங்கிலும் இந்த வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. 2013 முதல் வயநாட்டிலும், 2015இல் கோவாவின் முந்திரித் தோப்புத் தொழிலாளரிடத்தும், 2016இல் மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் மாவட்டத்திலும் தலைகாட்டியது. 2019இல் பழைய ஷிவமொக்கா மாவட்டத்திலேயே, சாகர் வட்டத்து அரளகோடு பகுதியில் மீண்டும் பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. முதுமலைக்கு நீங்கள் போயிருந்தால் சாலையோரம் எங்கும் உண்ணிச்செடி பூத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே போகும்போது காட்டில் குரங்கு செத்துக்கிடக்கக் கண்டால் அருகில் போகாதீர்கள், கோலால்கூடத் தொடாதீர்கள். வனத்துறையினரிடம் சொல்லுங்கள்.

மழை ஓய்ந்தபின், நோய் தலைகாட்டும் பகுதிகளில் சுகாதாரப் பணியாளர்கள் காட்டோரம் போகிறார்கள். கழியில் கட்டிய வெள்ளைத் துணியைப் புல்மேலும் சருகின்மேலும் மெல்ல இழுத்துச் செல்வார்கள். சில அடிகள் நடந்ததும் துணியைத் திருப்பிப் பார்ப்பார்கள். வெள்ளையில் கரும்புள்ளிகளாக ஒட்டியிருக்கும் உண்ணிகளைச் சிறு இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, எண்ணி, குப்பியில் போட்டு, இடத்தையும் நாளையும் எழுதிச் சோதனைச்சாலைக்கு அனுப்புவார்கள். மாட்டுத்தடம் காட்டுக்குள் நுழையும் இடத்தில் துணி சற்று அதிகமாகவே கறுத்திருக்கும்.